காற்று வரும் மூலையில் ஒரு பாயைப் போடுங்கள்

வீட்டில் நிம்மதியாக உட்கார முடியவில்லை என்று நம் பக்கத்தில் நிறையப் பேர் சொல்கிறார்கள். வீடு சின்னது, வெயில் கடுமை, குழாயில் வருவது உப்புத்தண்ணி, கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது, கடலுக்குப் போனவர் கரை ஏறும் வரைக்கும் வீட்டில் இருப்பவருக்குச் சோறு இறங்காது. எல்லாமே உண்மை. ஆனால் தொண்டியிலிருந்து வாலிநோக்கம் வரைக்கும் உள்ள இந்த ராமநாதபுரம் கடற்கரையில், காசு கேட்காத சுகங்களும் வீட்டுக்குள்ளேயே கிடக்கின்றன. அவற்றை அனுபவிக்க எனக்குத் தெரிந்த வழி ரொம்ப எளிது: சாயங்காலம் ஒரு மணி நேரம், தினமும் ஒரே இடத்தில், கையில் ஒரு சின்ன வேலையோடு உட்காருவது. கை சும்மா இருந்தால் மனசு கடனையும் சண்டையையும் தேடிப் போகும். கைக்கு வேலை இருந்தால் அது தானாக அடங்கும்.

முதலில் இடத்தைத் தேடுவோம். சாமான் எதுவும் வாங்குவதற்கு முன்னால், உங்கள் வீட்டில் காற்று எங்கே நுழைந்து எங்கே வெளியேறுகிறது என்று பாருங்கள். பகலில் தரை சீக்கிரம் சூடாகிவிடும், கடல் மெதுவாகத்தான் சூடாகும். தரைக்கு மேலே இருக்கும் காற்று சூடேறி எழும்ப, அந்த இடத்துக்குக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று வரும். அதுதான் நமக்கு மத்தியானத்துக்கு மேல் வருகிற கடல்காற்று. ராத்திரி தரை ஆறிய பிறகு இது அப்படியே திரும்பி, விடியற்காலையில் கரையிலிருந்து கடலைப் பார்த்துப் போகும். இடையில், முன்னிரவில், இலை அசையாமல் புழுங்குகிற ஒரு நேரம் உண்டு, அதற்குப் பின்னால் வருகிறேன்.

ஆக, சாயங்காலத்துக்கு உங்களுக்கு வேண்டியது கடலைப் பார்த்த திறப்பு. தொண்டி, தேவிபட்டினம் பக்கத்தில் அது கிழக்கு. கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் பக்கத்தில் தெற்கும் தென்கிழக்கும். மண்டபம், பாம்பன், தங்கச்சிமடத்துக்காரர்களுக்கு வடகடல், தென்கடல் என்று இரண்டு கடல் இருப்பதால் பருவத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்: ஆனி, ஆடியில் கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசுகிறபோது தெற்கும் மேற்கும் கொடுக்கும், ஐப்பசிக்கு மேல் வாடை தொடங்கிவிட்டால் வடக்குப் பக்கம் திறந்தாலே போதும். சந்தேகமாக இருந்தால் ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திச் சாயங்காலம் நாலு மணி வாக்கில் வீட்டின் ஒவ்வொரு மூலையிலும் இடுப்பு உயரத்தில் கொஞ்ச நேரம் பிடியுங்கள். புகை நேராக மேலே போனால் அந்த மூலை ஆகாது. சுருண்டு சுருண்டு அங்கேயே நின்றாலும் ஆகாது. புகை சாய்ந்து ஒரே பக்கமாக ஓடுகிறது பாருங்கள், அதுதான் உங்கள் இடம். உள்திண்ணையாக இருக்கலாம், அடுப்படி வாசலாக இருக்கலாம், இரண்டு அறைக்கு நடுவில் இருக்கிற நடையாகக்கூட இருக்கலாம். எங்கே என்பது முக்கியமில்லை.

எந்த மூலையிலும் புகை ஓடவில்லை என்றால், பெரும்பாலும் எதிர்ப்பக்கத்து ஜன்னலை மறைத்துப் பீரோவை வைத்திருப்பீர்கள். காற்று வெளியே போக வழியில்லாமல் உள்ளே வராது. பீரோவை நகர்த்துங்கள். அல்லது ஜன்னலே திறக்காமல் இருக்கும், ஏனென்றால் உப்புக்காற்றில் கீல் துருப்பிடித்து இறுகிவிடும், நம் வீடுகளில் பாதி ஜன்னல்கள் இப்படித்தான் கிடக்கின்றன. துருவைத் தேய்த்து எடுத்துவிட்டு, தையல் மிஷினுக்குப் போடுகிற எண்ணெயை நாலு சொட்டு விட்டு ஒரு ராத்திரி ஊறவைத்து, காலையில் மெதுவாக ஆட்டிப் பாருங்கள். அதற்குப் பிறகு மாதம் ஒரு தடவை ஒரு சொட்டு விட்டால் போதும்.

இடம் கிடைத்ததும் அங்கே ஒரு பாய். பனை ஓலைப் பாயோ கோரைப் பாயோ எது வேண்டுமானாலும் சரி. பிளாஸ்டிக் பாய் மட்டும் வேண்டாம், வியர்வை அதில் நிற்கும், பத்து நிமிஷத்தில் எழுந்துவிடுவீர்கள். வீட்டில் பழைய நார்க்கட்டில் பரணிலோ கொல்லையிலோ கிடந்தால் அதை இறக்குங்கள். பனைநார் பின்னிய கட்டிலில் கீழிருந்தும் காற்று முதுகுக்கு வரும், மெத்தையில் அது நடக்காது. ஒரு நாள் முழுக்கச் சுள்ளென்ற வெயிலில் கவிழ்த்துப் போட்டு, காலில் இருக்கிற இடுக்குகளில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றினால் மூட்டைப்பூச்சி போய்விடும். நார் தொய்ந்திருந்தால் கால்மாட்டில் இருக்கிற கயிற்றை இழுத்துக் கட்ட வேண்டும், அதற்கு இரண்டு பேர் வேண்டும், ஒருவர் இழுக்க இன்னொருவர் முடிச்சைப் பிடிக்க.

வாசல் மண் என்றால் அஞ்சு மணிக்கு மேல் தண்ணீர் தெளியுங்கள். தண்ணீர் ஆவியாகும்போது மண்ணின் சூட்டை எடுத்துக்கொண்டு போகும், அந்த வாசனையும் ஒரு சுகம். இதற்குக் குடிதண்ணீரை எடுக்காதீர்கள், உப்புத்தண்ணி போதும். துணி அலசின தண்ணீரும் போதும். வெயில் இருக்கும்போதே தெளித்தால் புழுக்கம்தான் கூடும், நிழல் விழுந்த பிறகு தெளிக்க வேண்டும்.

இனிக் குடிக்க ஏதாவது வேண்டும். கீழக்கரைக்காரர்கள் அஸர் தொழுகை முடிந்து வந்து பால் இல்லாத தேத்தண்ணியும் ஒரு துண்டு தொதலும் (அல்வா மாதிரி ஒரு இனிப்பு) எடுத்துக்கொண்டு உட்காருவார்கள், அது ஒரு தனி ராஜ்ஜியம். எனக்குக் கருப்பட்டிக் காப்பி. சாயல்குடி பக்கத்துக் கருப்பட்டி கிடைத்தால் விடாதீர்கள். நல்ல கருப்பட்டியை உடைத்தால் உள்ளேயும் ஒரே நிறமாக இருக்கும், நாக்கில் வைத்தால் இனிப்புக்குப் பின்னால் லேசாக ஒரு கரிப்பு வரும். வெறும் சர்க்கரைத் தித்திப்பு மட்டும் இருந்தால் அதில் சீனி கலந்திருக்கிறது என்று அர்த்தம். இரண்டு பேருக்கு இரண்டரை டம்ளர் தண்ணீர் வைத்து, சின்ன எலுமிச்சை அளவு கருப்பட்டியைத் தட்டிப் போட்டு, சுண்டுவிரல் நகம் அளவு சுக்கை நசுக்கிப் போடுங்கள். கரைந்து ஒரு கொதி வந்ததும் இறக்கி ஒரு நிமிஷம் வையுங்கள், கருப்பட்டியில் இருக்கிற மண்ணும் தூசியும் அடியில் தங்கும். மேலாக வடிகட்டி மறுபடியும் அடுப்பில் வைத்துக் காப்பித்தூள் ஒரு ஸ்பூன் போட்டு, பொங்கி வரும்போது அணைத்து மூடிவிடுங்கள். பால் சேர்த்தே ஆக வேண்டும் என்றால் தனியாகக் காய்ச்சிக் கடைசியில் டம்ளரில் சேர்த்துக்கொள்ளுங்கள், கருப்பட்டியோடு சேர்த்துக் கொதிக்கவிட்டால் பால் திரிந்துபோகும். கருப்பட்டியை மழைக்காலத்துக்கு வாங்கி வைப்பவர்கள் ஓலைக் கொட்டானில் போட்டு அடுப்புக்கு மேலே பரணில் வைப்பது சும்மா இல்லை, ஈரக்காற்றில் அது கசிய ஆரம்பித்துவிடும்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. அந்தக் காப்பியை எப்போதும் வீட்டுப் பெண்தான் போட்டுக் கொண்டுவந்து கொடுத்து, டம்ளரைக் கழுவி, அதற்குள் ராத்திரிச் சமையலுக்கு உலை வைக்கிறார் என்றால், அந்த வீட்டில் ஒருவருக்கு மட்டும்தான் நிம்மதி. மீன் ஏலக்கூடத்துக்கு விடியற்காலையில் கூடையோடு போய், மத்தியானம் வந்து சமைத்து, பிள்ளைகளைப் பார்த்து, குடத்தோடு லாரித் தண்ணீருக்கு நின்ற மதினிக்குத்தான் இந்த ஒரு மணி நேரம் முதலில் வேண்டும். முறை வைத்துக்கொள்ளுங்கள். ஒருநாள் அவர், ஒருநாள் நீங்கள், ஒருநாள் பெரிய பிள்ளை. இது சரியாகிவிட்டால் நான் சொல்கிற மற்றதெல்லாம் பாதி நடந்த மாதிரி.

கைவேலைக்கு வருவோம். பூக்கட்டுவதை விட அமைதியான வேலை எனக்குத் தெரியாது. மல்லிகை நாற்றுக்கு நாம் எங்கேயும் போக வேண்டாம், தங்கச்சிமடம், மண்டபம் மணலில் வளர்கிற நாற்றைத்தான் வெளியூர்க்காரர்கள் வந்து வாங்கிப்போகிறார்கள். ஒரு அகலமான தொட்டியில் அடியில் ஓட்டை போட்டு, பாதி மணல், பாதி செம்மண், இரண்டு கை மக்கிய ஆட்டுப் புழுக்கை போட்டு நடுங்கள். அரை நாளாவது நேர் வெயில் வேண்டும், நிழலில் வைத்தால் இலை மட்டும்தான் பார்க்கலாம். இதற்கு உப்புத்தண்ணி ஆகாது, இலை ஓரம் கருகும். அரிசி, பருப்பு கழுவின தண்ணீரை ஒரு வாளியில் சேர்த்து வைத்து ஊற்றினால் ஒரு தொட்டிக்குத் தாராளம். கார்த்திகை, மார்கழியில் மனசைத் திடப்படுத்திக்கொண்டு முழங்கால் உயரத்துக்குக் கவாத்து பண்ணிவிடுங்கள், பார்க்க மொட்டையாக இருக்கும், மாசி பங்குனியில் புதுக் கிளைகளில் மொட்டு பிடிக்கும்போது ஏன் வெட்டச் சொன்னேன் என்று தெரியும்.

மொட்டைச் சாயங்காலம், விரிவதற்கு முன்னால் பறிக்க வேண்டும். பச்சை வாடை போய் வெள்ளையாகி, விம்மி நிற்கிற மொட்டு அன்றைக்கு விரியும். பச்சை கலந்து மெலிந்திருப்பது நாளைக்கு உரியது, விட்டுவிடுங்கள். வாழைநாரைக் கிழித்துத் தண்ணீரில் ஊறப்போடுங்கள், காய்ந்த நார் விரலுக்குள் வளையாமல் முறிந்துகொண்டே இருக்கும். நாரின் ஒரு முனையை இடது கை விரலிடுக்கில் பிடித்துக்கொண்டு, இரண்டு மொட்டை அந்தப் பக்கம் பார்த்தும் இரண்டு மொட்டை இந்தப் பக்கம் பார்த்தும், காம்பும் காம்பும் நாரின் மேல் ஒன்றை ஒன்று தொடுகிற மாதிரி வையுங்கள். நாரைக் காம்புகளின் மேலே ஒரு சுற்றுச் சுற்றி, அடுத்து ஒரு கண்ணி வளைத்து, அந்தக் கண்ணியை மொட்டுகளுக்கு மேலாக இறக்கிக் காம்பில் நிறுத்தி இழுங்கள். இழுப்பில்தான் எல்லாம் இருக்கிறது. அதிகமாக இழுத்தால் காம்பு அறுந்து மொட்டு மடியில் விழும், குறைந்தால் தலையில் வைத்த பிறகு உதிரும். சரியாக விழுந்தால் விரலில் ஒரு சின்ன இறுக்கம் தெரியும், அங்கே நிறுத்த வேண்டும். ஒரு முழம் கட்டி முடிப்பதற்குள் முதலில் கட்டிய மொட்டுகள் விரியத் தொடங்கியிருக்கும், பிறகு அந்த நடையில் வேறு எந்த வாசனையும் நிற்காது.

ஆண்கள் பூக்கட்டக் கூடாது என்று ஒன்றும் இல்லை. வலையில் கண்ணி போட்டுப் பழகின கைக்கு நார்க் கண்ணி எம்மாத்திரம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகெல்லாம் கரையில் நிற்கும்போது, நம் வீடுகளில் ஒரு இறுக்கம் வரும். வருமானம் இல்லை, ஆள் நாள் முழுக்க வீட்டில், வெளியே அக்னி வெயில். அந்த நாட்களில் பகலில் படகு வேலை, வலை வேலை முடித்து வருகிறவருக்குச் சாயங்காலம் வீட்டுக்குள் உட்கார ஒரு இடமும் கைக்கு ஒரு வேலையும் இருப்பது, டாஸ்மாக் கடை வாசலுக்குப் போகாமல் இருக்க உதவும் என்று நான் உண்மையாகவே நம்புகிறேன். பூ பிடிக்கவில்லை என்றால் ஓலை இருக்கிறது, பிள்ளைக்கு ஒரு கிலுக்கு, முட்டை வைக்க ஒரு கொட்டான் முடையலாம். அதுவும் வேண்டாம் என்றால் புளியில் கொட்டை எடுக்கலாம், முருங்கைக்கீரை உருவலாம். கண் பார்த்து விரல் செய்கிற எந்த வேலையும் சரிதான்.

அந்த ஒரு மணி நேரத்துக்குப் போனை வேறு அறையில் வைத்துவிடுங்கள். கடலில் ஆள் இருக்கிற வீட்டுக்கு இது பொருந்தாது, அவர்கள் போனைச் சத்தமாக வைத்துக்கொண்டு திரையைத் தரையைப் பார்க்கக் கவிழ்த்து வைத்தால் போதும். சத்தம் எதுவும் இல்லாமல் இருக்க முடியாதவர்களுக்கு ரேடியோ. பாம்பன் பக்கம் என்றால் மீனவர்களுக்காகவே 2016 இல் தொடங்கிய கடல் ஓசை 90.4 இருக்கிறது. பெரியவர்களுக்கு இலங்கை வானொலி என்றாலே முகம் மலரும், அவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்து அந்தக் காலத்துப் பாட்டு நிகழ்ச்சிகளைப் பற்றிக் கேளுங்கள், ரேடியோவே வேண்டியிருக்காது.

இப்போது அந்தக் காற்றில்லாத முன்னிரவு. கடல்காற்று ஓய்ந்து, கரைக்காற்று இன்னும் வராத நேரம். வீட்டுக்குள் கிடந்து புரள்வதை விட மாடிக்குப் போய்விடுங்கள். ஆனால் பகல் முழுக்க வெயில் ஏறிய கான்கிரீட் தளம் ராத்திரி ஒன்பது, பத்து மணி வரைக்கும் சூட்டை விட்டுக்கொண்டே இருக்கும், அதனால் பொழுது சாய்ந்ததும் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றி, காய்ந்த பிறகு பாயை விரியுங்கள். கொசுவுக்கு நாலு மூலையிலும் கம்பு நட்டு வலை கட்டுவதுதான் நல்லது. வேப்பிலைப் புகை போடுவார்கள், வீட்டில் மூச்சிரைப்பு உள்ளவர் இருந்தால் வேண்டாம்.

மாடியில் படுத்தால் நம் ஊர் வானம் பெரிய சொத்து. துருவ நட்சத்திரம் நமக்கு வடக்கே அடிவானத்துக்கு மேலே ஏறக்குறைய 9 பாகை உயரத்தில்தான் நிற்கும். கையை முழுசாக நீட்டி முஷ்டியை அடிவானத்தில் வைத்தால் அதன் மேல்விளிம்பு பக்கத்தில் மங்கலாக ஒன்று தெரியும், வடகடல் கரையில் இருப்பவர்களுக்கு அது தண்ணீருக்கு மேலேயே இருக்கும். தென்கடல் பக்கத்து வீடுகளுக்கு இன்னும் யோகம். வைகாசித் தொடக்கத்தில் ராத்திரி ஒன்பது மணி வாக்கில் தெற்கே தாழ்வாக நாலு நட்சத்திரம் சிலுவை வடிவில் நிற்கும், அதுதான் திரிசங்கு. அதற்கு இடது பக்கத்தில் இருக்கிற இரண்டு பிரகாசமான நட்சத்திரங்கள் அதைக் காட்டிக்கொடுக்கும். வட இந்தியாவில் பல இடங்களில் இதை அடிவானத்துக்கு மேலே பார்ப்பதே கஷ்டம். மாசியில் எட்டு, ஒன்பது மணிக்குத் தெற்கே தனியாக, பளிச்சென்று ஒன்று தெரிந்தால் அது அகத்தியர். பிள்ளைகளுக்கு இந்த மூன்றையும் காட்டிக் கொடுங்கள், அடுத்த வருஷம் அவர்களே தேடுவார்கள்.

பௌர்ணமிக்கு நிலாச்சோறு. பெரிய சட்டியில் சோற்றைப் போட்டு முந்தின நாள் மீன்குழம்பை ஊற்றிப் பிசைந்து, சுற்றி உட்கார்ந்தவர்கள் கையில் உருட்டி உருட்டி வைப்பது. குழம்பு இல்லையென்றால் ஒரு துவையல் போதும்: நம் முண்டு மிளகாய் நாலு (2023 இல் புவிசார் குறியீடு வாங்கிய அதே உருண்டை மிளகாய்தான்) எண்ணெயில் கருகாமல் வறுத்து, ஒரு மூடித் தேங்காய், கோலி அளவு புளி, கல்லுப்பு வைத்து அம்மியில் தட்டுங்கள். தண்ணீர் விடாமல் தட்டினால் மறுநாள் காலைப் பழைய சோற்றுக்கும் ஆகும்.

மழைக்காலத்தில் இதெல்லாம் நடக்காது என்று நினைக்க வேண்டாம், எனக்கு அதுதான் பிடித்த காலம். வாடை வீசும்போது பாயை வாடை அடிக்காத உள்மூலைக்கு நகர்த்திக்கொள்ளுங்கள், தெற்குப் பக்க ஜன்னலை ஒரு கை அகலம் திறந்தால் போதும். மழை பிடித்ததும் முதல் பத்துப் பதினைந்து நிமிஷம் கூரையைக் கழுவ விட்டுவிட்டு, அப்புறம் தாழ்வாரத்தில் அண்டாவை வைத்து வாயில் வெள்ளைத் துணி கட்டுங்கள். வருஷம் முழுக்க உப்புத்தண்ணியோடு மல்லாடுகிற நமக்கு மழைத் தண்ணீரைக் கொதிக்க வைத்துப் போட்ட தேத்தண்ணியின் ருசி என்னவென்று வெளியூர்க்காரருக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. அந்தத் தண்ணீரில் துவரம்பருப்பு வேகமாகக் குழையும், சோப்பு நன்றாக நுரைக்கும், தலைக்குக் குளித்தால் முடி பிசுபிசுக்காது.

மார்கழி, தையில் பனங்கிழங்கு வந்துவிடும். மண்ணைக் கழுவி, மேல்தோலை ஓரளவு உரித்து, முனையைக் கிள்ளி, மஞ்சள்தூளும் உப்பும் போட்டு மூழ்குகிற அளவு தண்ணீரில் முக்கால் மணி நேரமாவது வேகவிடுங்கள், இளங்கிழங்கு சீக்கிரம் வெந்துவிடும், முற்றல் நேரம் எடுக்கும். சூடாக இருக்கும்போதே நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, நடுவில் இருக்கிற தண்டை எடுத்துப் போட்டுவிட்டு, ஓரத்து நாரை மேலிருந்து கீழே உரித்துக்கொண்டே தின்ன வேண்டும். அவசரமாகத் தின்ன முடியாத பண்டம் இது, ஒரு கிழங்குக்கு நாலு தடவை நார் உரிக்க வேண்டியிருக்கும், வீட்டில் அஞ்சு பேர் சுற்றி உட்கார்ந்தால் பேச்சும் அந்த வேகத்திலேயே போகும். மிஞ்சியதைத் துண்டு துண்டாக நறுக்கித் தை மாச வெயிலில் சுக்காகக் காயப்போட்டு டின்னில் அடைத்து வைத்தால், தடைக்காலத்தில் இடித்து மாவாக்கித் தேங்காயும் கருப்பட்டியும் சேர்த்துப் பிள்ளைகளுக்கு உருண்டை பிடித்துக் கொடுக்கலாம்.